ஊர் நாய்க்கு என்ன இனம்? கைத்தொலைபேசியும் மரபணுவும் தரும் பதில்

வன்னியில் இப்போது நாய்க்குட்டி வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரையில்தான் தொடங்குகிறது. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒருவர் வட்ஸ்அப் குழுவில் குட்டிகளின் படத்தைப் போட்டு, "அசல் ஜேர்மன் ஷெப்பர்ட்" என்று எழுதுகிறார். வாங்க நினைப்பவர் அதே படத்தை நாய் இனம் சொல்லும் ஒரு செயலிக்குக் காட்டுகிறார். செயலியும் "ஜேர்மன் ஷெப்பர்ட்" என்கிறது. பேரம் முடிந்துவிடுகிறது. அதே செயலியை முற்றத்தில் படுத்திருக்கும் ஊர் நாயின் பக்கம் திருப்பினால், நாம் வாழ்நாளில் கேள்விப்படாத ஓர் இனத்தின் பெயர் வருகிறது. முதல் பதிலை ஓரளவு நம்பலாம். இரண்டாவது பதில் பெரும்பாலும் முழுத் தவறு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை வன்னியில் நாய் வளர்ப்பவர்கள் அறிந்துகொள்வது நல்லது. இங்கே நாம் சோறு வைக்கும் நாய்களில் மிகப் பெரும்பாலானவை ஊர் நாய்களே.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் உறவுக்காரர் வீடொன்றில் செவலை நிறத்தில் ஒரு நாய் நிற்கிறது. குட்டை மயிர், நிமிர்ந்து நுனி மட்டும் மடிந்த காதுகள், முதுகுக்கு மேலே சுருளும் வால், நெஞ்சில் கையகல வெள்ளை. வீட்டுப் பிள்ளை அதைப் படலையடியில் நிற்கவைத்துப் படம் பிடித்துச் செயலியிடம் கேட்டாள். "பசெஞ்சி" என்று வந்தது. அது மத்திய ஆபிரிக்காவின் வேட்டை நாய். வேப்பமர நிழலில் படுத்திருந்தபோது எடுத்த படத்துக்கு "டிங்கோ" என்றது. அது அவுஸ்திரேலியாவின் காட்டு நாய். சோறு வைக்கும்போது மேலிருந்து குனிந்து எடுத்த படத்துக்கு, கைப்பைக்குள் அடங்கும் மெக்சிக்கோ நாயான "சிவாவா" என்றது. நாய் ஒன்று, நின்ற வளவும் ஒன்று. பதில் மட்டும் மூன்று கண்டங்களுக்குப் போனது.

இது செயலி பழுதாகிப் போனதால் வந்ததல்ல. அது படித்த பாடம் அப்படிப்பட்டது. ஒரு நாயின் இலக்கணம் இன்னது என்று கணினிக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பெயர் குறித்த ஆயிரக்கணக்கான படங்களை அதன் முன் வைத்து, எந்தப் பெயருக்கு எந்த வடிவம் வருகிறது என்பதை அதுவாகவே கண்டுபிடிக்க விடுகிறார்கள். படம் கணினிக்கு வெறும் எண்களின் கட்டம்தான். முதல் அடுக்கில் ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்புகளைப் பிரிக்கிறது. அடுத்த அடுக்குகளில் மயிரின் படிவு, காதின் வளைவு, மூஞ்சியின் நீளம் என்று படிப்படியாகச் சேர்க்கிறது. 2012இல் இந்த முறை படங்களை இனங்காணும் உலகப் போட்டியொன்றில் மற்ற முறைகளைப் பெரிய இடைவெளியில் வென்றது. அந்தப் போட்டிக்குப் பயன்பட்ட இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பின் 1000 வகைப் பொருள்களில் ஏறத்தாழ 120 வகைகள் நாய்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் அதிலிருந்தே 120 வகை நாய்களின் 20,580 படங்களைத் தனியே தொகுத்து வெளியிட்டிருந்தார்கள். இன்றுவரை மாணவர்களும் செயலி எழுதுவோரும் நாய் இனம் கண்டுபிடிக்கும் மென்பொருளைப் பழக்க முதலில் எடுப்பது இத்தகைய தொகுப்புகளைத்தான்.

அந்த 120 வகைகளின் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஐரோப்பிய வீட்டு இனங்கள் வரிசையாக இருக்கின்றன. டெரியர்களுக்கு மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள். டிங்கோ இருக்கிறது, பசெஞ்சி இருக்கிறது, ஆசியாவின் செந்நாய்கூட இருக்கிறது. தெற்காசியக் கிராமங்களில் கோடிக்கணக்கில் திரியும் ஊர் நாய் இல்லை. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை இல்லை. 2005இல் இந்தியா அஞ்சல்தலை வெளியிட்ட இராஜபாளையமும் இல்லை.

இத்தகைய மென்பொருள் தான் அறிந்த பெயர்களுக்குள் மொத்தம் நூறு வீதத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. "இது என் பட்டியலில் இல்லாத நாய்" என்று சொல்ல அதற்கு இடமே வைக்கப்படவில்லை. ஆகவே செவலை நாயைப் பார்த்தால், தான் அறிந்த 120 பெயர்களில் எது கொஞ்சமாவது கிட்ட வருகிறதோ அதற்கு அதிக வீதத்தைக் கொடுத்துவிடுகிறது. திரையில் தெரியும் "82 வீதம்" என்பது நாயின் இரத்தத்தில் அந்த இனம் எவ்வளவு என்பதன் அளவல்ல. பட்டியலுக்குள் அந்தப் பெயர் மற்றப் பெயர்களை எவ்வளவு முந்தியது என்பதன் அளவு. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். "எங்கள் நாய் 82 வீதம் பசெஞ்சி" என்று சந்தோஷப்படும் பிள்ளையிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் உரையாடும் செயற்கை நுண்ணறிவுகள் இதைவிட நிதானமானவை. அவை இணையத்தின் எழுத்தையும் படத்தையும் சேர்த்துப் படித்தவை என்பதால் "தெற்காசிய ஊர் நாய் போலத் தெரிகிறது" என்று சொல்லவும் கூடும். ஆனாலும் அவற்றிடம் இருப்பதும் ஒரு படம்தான். படத்தில் நாயின் உயரம் தெரியாது. அருகில் ஓர் ஆளோ கதிரையோ இல்லாவிட்டால் சிவாவாவுக்கும் முழங்கால் உயர நாய்க்கும் அளவில் வேறுபாடு காணமுடியாது. பின்னணியும் முடிவை மாற்றும். 2016இல் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பனி மூடிய இடங்களில் எடுத்த ஓநாய்ப் படங்களையும், பனியில்லாத இடங்களில் எடுத்த ஹஸ்கி நாய்ப் படங்களையும் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்கினார்கள். அது விலங்கைப் பார்க்காமல் பனியைப் பார்த்து "ஓநாய்" என்று சொல்லப் பழகியிருந்தது. சொறி பிடித்து மயிர் உதிர்ந்த நாய், குட்டி போட்டு மெலிந்த பெட்டை, காது இன்னும் நிமிராத குட்டி ஆகிய மூன்றும் வன்னியில் நாம் அன்றாடம் காண்பவை. புல்வெளியில் குளிப்பாட்டி நிறுத்திய நாய்களின் படங்களில் படித்த இயந்திரத்துக்கு இவை மூன்றும் புதியவை.

கணினி மட்டும் இப்படித் தடுமாறவில்லை. மனிதக் கண்ணும் தடுமாறும். கலிபோர்னியாவில் 2009இல் நாய்க் காப்பகங்களிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்ட 20 நாய்களை எடுத்து, காப்பகத்தார் பார்த்துச் சொன்ன இனத்தை மரபணுப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவற்றில் இரண்டும் ஒத்துவரவில்லை. அவர்கள் நாள் முழுவதும் நாய்களோடு பழகுபவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாயின் தோற்றம் இவ்வளவு பொய் சொல்வதற்குக் காரணம் அதன் மரபணுவிலேயே இருக்கிறது. மனிதரின் உயரத்தை ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் சிறிது சிறிதாகத் தீர்மானிக்கின்றன. நாயில் அப்படியல்ல. 2007இல் வெளிவந்த ஆய்வு, சிறிய இன நாய்கள் சிறிதாக இருப்பதில் ஐ.ஜி.எஃப்.1 என்ற ஒரே மரபணுவுக்குப் பெரும் பங்கு இருப்பதைக் காட்டியது. டக்ஸ்ஹண்டின் குட்டைக் கால்களுக்கு எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதியொன்று காரணம் என்பது 2009இல் தெரியவந்தது. அதே ஆண்டில், நாய்களின் மயிர் நீளமா, சுருளா, முகத்தில் தாடி உண்டா என்ற பல்வகைமையில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் விளக்கிவிடுகின்றன என்றும் கண்டார்கள். எனவே தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து சேர்ந்த ஒரேயொரு மரபணுவின் மாற்றம் ஒரு குட்டிக்கு நீண்ட மயிரைக் கொடுத்துவிடும். ஊரார் "பொமேரியன் கலப்பு" என்பார்கள். அந்தக் குட்டியின் மற்ற மரபணுத் தொகுதி முழுவதும் ஊர் நாயினுடையதாக இருக்கலாம். மறுபக்கமும் உண்டு. ஜோன் போல் ஸ்கொட், ஜோன் ஃபுல்லர் என்ற இருவர் அமெரிக்காவில் பசெஞ்சியையும் கொக்கர் ஸ்பானியலையும் இணைத்து வளர்த்து, 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் கலப்புக் குட்டிகளில் பலவற்றைப் பார்த்து அவற்றின் பெற்றோர் எவை என்று யாராலும் சொல்ல முடியாதிருந்தது. நெடுங்கேணியில் ஒரே ஈற்றில் கறுப்பும் செவலையும் புள்ளியும் வெள்ளையுமாக ஆறு குட்டிகள் விழுவதில் வியப்பில்லை. ஒரு பெட்டையின் ஈற்றில் தகப்பன் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் மரபணுப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடுமா? பதிவு செய்யப்பட்ட இனங்களுக்கு நன்றாகவே சொல்கிறது. 2004இல் 85 இனங்களைச் சேர்ந்த 414 நாய்களைப் பரிசோதித்தபோது 99 வீதமானவற்றை அவற்றின் சரியான இனத்தில் சேர்க்க முடிந்தது. அடுத்த ஆண்டு டாஷா என்ற பொக்ஸர் பெட்டையின் முழு மரபணுத் தொகுதி, ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள் (மரபணுவின் அடிப்படை அலகுகளை இப்படிச் சொல்வார்கள்), வெளியிடப்பட்டது. 2007இலிருந்து பொதுமக்கள் வாங்கக்கூடிய பரிசோதனைகள் வந்தன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். ஆய்வுகூடம் மரபணுவின் பல்லாயிரம் இடங்களை வாசித்து, துண்டு துண்டாகத் தன் சேமிப்பிலுள்ள இனங்களோடு ஒப்பிடுகிறது. செலவு சுமார் 100 முதல் 200 அமெரிக்க டொலர். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது இந்தப் பொதியை வாங்கி வரமுடியும்.

ஆனால் இங்கும் அதே பட்டியல் சிக்கல் வாசலில் நிற்கிறது. ஒப்பிடுவதற்குரிய சேமிப்பில் ஊர் நாய் இல்லையென்றால், ஆய்வுகூடமும் செயலியைப் போலவே கிட்ட வருவதைச் சொல்லும். முன்னர் ஆசிய, ஆபிரிக்க ஊர் நாய்களுக்கு ஒரு டசின் இனங்களின் துணுக்குகளைச் சொன்ன முடிவுகள் அப்படி வந்தவையே. இப்போது சில நிறுவனங்கள் உலகின் பல பகுதிகளின் ஊர் நாய் மாதிரிகளைச் சேர்த்து, "தெற்காசிய ஊர் நாய்" என்றே முடிவு தருகின்றன. பரிசோதனைக்குப் பணம் கொடுக்க எண்ணுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உங்கள் சேமிப்பில் ஊர் நாய் இருக்கிறதா? இல்லையென்று பதில் வந்தால் அந்தப் பணத்தை நாயின் தடுப்பூசிக்குச் செலவிடலாம்.

ஊர் நாய் என்பது பல இனங்கள் கலந்து உருவான மிச்சம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. "இனமில்லாத நாய்" என்று நாமே சொல்கிறோம். மரபணு ஆய்வுகள் இதைத் தலைகீழாக்குகின்றன. நாய் மனிதரோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. இன்று பெயர்பெற்ற இனங்களில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள் உருவானவை. இங்கிலாந்தின் நியூகாசிலில் முதல் நாய்க் கண்காட்சி 1859இல் நடந்தது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான கெனல் கிளப் இலண்டனில் 1873இல் அமைந்தது. ஜேர்மன் ஷெப்பர்டுக்கான சங்கம் 1899இல்தான் தோன்றியது. 2015இல் 38 நாடுகளின் 549 ஊர் நாய்களை 161 இனங்களின் 4,676 நாய்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, இந்தியா, வியட்நாம், எகிப்து ஆகிய நாடுகளின் ஊர் நாய்களில் ஐரோப்பிய இனங்களின் கலப்பு மிகச் சொற்பம் என்று கண்டது. இனங்கள் பிரிவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து வரும் நாய்ச் சமூகம் அது. அமெரிக்கக் கண்டத்தின் சில பகுதிகளிலும் பசுபிக் தீவுகளிலும் நிலைமை நேர்மாறு. அங்குள்ள ஊர் நாய்கள் ஏறத்தாழ முழுவதும் ஐரோப்பிய வழி வந்தவை.

வன்னியின் உட்கிராமங்களில் வெளிநாட்டு இன நாய்கள் பெருமளவில் வந்து சேர்ந்தது நம் கண்முன் நடந்த விஷயம். துணுக்காயிலும் மல்லாவியிலும் முன்னர் நாய் என்றால் காவற்கொட்டிலோடு சேர்ந்தது. பன்றி வயலில் இறங்கினால் குரல் கொடுக்கும். மாட்டுப்பட்டியைச் சுற்றி வரும். யானை வரும் திசையை முன்கூட்டியே சொல்லும். அந்த வேலைக்கு ஏற்ற நாயே அடுத்த தலைமுறைக்குக் குட்டி ஈன்றது. போர் அந்தத் தொடர்ச்சியைக் குலைத்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மக்கள் கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்தபோது நாய்களைக் கூட்டிச் செல்ல வழியிருக்கவில்லை. படலையைத் திறந்துவிட்டுப் போனவர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறார்கள். மீள்குடியேறியபோது காட்டோரத்தில் தப்பிப் பிழைத்திருந்த சில நாய்களும், இராணுவ முகாம்களைச் சுற்றிப் பெருகியவையும், பிற மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட குட்டிகளும் ஒன்றாகின. பின்னர் ஏ9 வீதி வழியாக லப்ரடோரும் ரொட்வீலரும் வந்து சேர்ந்தன. இன்றைய வன்னி நாய் இந்த மூன்று நான்கு ஓடைகளின் சங்கமம். அதை முறையாக மாதிரி எடுத்து வாசித்தால் இந்த மண்ணின் இடப்பெயர்வு வரலாற்றின் ஒரு பக்கம் அதில் தெரியும் என்று உறுதியாக நம்புகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியிலும் வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவிலும் இருக்கும்போது, இதைச் செய்ய வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை.

இனம் அறிவது சில இடங்களில் உண்மையிலேயே உயிர் காக்கும். உண்ணிக்கும் சொறிக்கும் புழுவுக்கும் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் மருந்து, கொலி என்ற மேய்ப்பு நாய் இனத்திலும் அதன் உறவு இனங்களிலும் பல நாய்களின் மூளைக்குள் புகுந்து கொல்லக்கூடும். எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பது இதற்குக் காரணம் என்பது 2001இல் கண்டறியப்பட்டது. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினில் மிச்சத்தை நாய்க்கும் போட நினைப்பவர்கள், நாய் எந்த இனமாக இருந்தாலும், கால்நடை வைத்தியரைக் கேட்காமல் போடவே கூடாது. வெப்பமும் அப்படித்தான். மூக்குத் தட்டையான பக் இனம் ஆவணி வெயிலில் மூச்சுக்குத் திணறும். ஹஸ்கியின் இரட்டை மயிர்ப் போர்வை சைபீரியக் குளிருக்கு உரியது. குட்டி பக்கா ஹஸ்கியா என்று செயலியில் சரிபார்ப்பவர்கள், மாங்குளத்து மத்தியான வெயிலில் அதை எங்கே கட்டி வைக்கப் போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

குணத்தைப் பொறுத்தவரை இனப் பெயர் மிகக் குறைவாகவே சொல்கிறது. 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி உரிமையாளரிடம் கேட்டு, அவற்றில் 2,155 நாய்களின் மரபணுவை வாசித்த ஆய்வில், தனித்தனி நாய்களுக்கிடையிலான நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது சுமார் 9 வீதம் மட்டுமே. காவலுக்கு அல்சேஷன்தான் வேண்டும் என்று கடன்பட்டு வாங்குபவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்ல விரும்புகிறேன். அதே தெருவில் யாரோ சந்தையடியில் விட்டுப்போன பெட்டைக் குட்டி ஒன்று மழையில் நனைந்துகொண்டிருக்கும். அதை எடுத்து வளர்த்தால் வளவைக் காக்கும். பெட்டை என்பதாலும் இனப்பெயர் இல்லை என்பதாலும் மட்டுமே இத்தகைய குட்டிகள் வீசப்படுகின்றன. அது எனக்குப் பொறுக்கவில்லை.

இனத்துக்குப் பணம் கொடுத்தே வாங்குவதென்றால் செயலியை விடப் பழைய வழிகளே உதவும்: தாயையும் தகப்பனையும் நேரில் பார்ப்பது, இலங்கை கெனல் சங்கத்தின் பதிவுப் பத்திரத்தைக் கேட்பது, அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணைக் கருவியால் வாசித்துப் பார்ப்பது. இந்த மைக்ரோசிப் நெல்மணி அளவானது. தோலுக்கடியில் ஊசியால் வைக்கப்படும் அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். அது இனத்தைச் சொல்லாது. இந்த நாய் இதுதான் என்பதைச் சொல்லும்.

வன்னிக்குத் தொழில்நுட்பம் கூடுதலாகப் பயன்படக்கூடிய இடம் இந்த அடையாளம்தான் என்று கருதுகிறேன். இலங்கையில் விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலும் வந்தன. 1973இல் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி பரவலாகப் போடத் தொடங்கியதால் அந்த எண் அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. எஞ்சிய இறப்புகளையும் நிறுத்த, எந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்று, எதற்கு இல்லை என்று பிரித்தறிய வேண்டும். தடுப்பூசி முகாமில் கிடைக்கும் அட்டை தொலைந்துபோகும், கழுத்துப்பட்டி அறுந்துபோகும். நாயின் மூக்கு மேற்பரப்பின் கோடுகள் மனிதக் கைரேகை போல நாய்க்கு நாய் வேறுபடும். கனடாவின் கெனல் கிளப் 1938இலிருந்தே அதை அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது. கைத்தொலைபேசிக் கமராவால் அதைப் படித்து நாயை அடையாளம் காணும் செயலிகள் 2019 முதல் சில நாடுகளில் வந்துவிட்டன. இனம் சொல்லத் தடுமாறும் அதே படம் பார்க்கும் முறை, தனிநாயை அறிவதில் இதைவிட உறுதியாக வேலை செய்கிறது. இங்கே அந்நியப் பட்டியல் எதுவும் தேவையில்லை, அதே நாயின் முந்தைய படம் இருந்தால் போதும்.

இதற்கு எந்தச் செயலியும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாயைப் பக்கவாட்டில் நிற்கவைத்து ஒரு படம், முகத்துக்கு நேரே ஒரு படம், மூக்கு தெளிவாகத் தெரியும்படி கிட்ட ஒரு படம் எடுத்துவைக்கலாம். அளவு தெரிய அருகில் ஓர் ஆள் நிற்கட்டும். கூடவே ஆணா பெட்டையா, வயது, தடுப்பூசி போட்ட திகதி, கருத்தடை செய்யப்பட்டதா என்பதைக் குறித்துவைத்தால், நாய் காணாமற்போனாலும் யாரையாவது கடித்தாலும் கால்நடை வைத்தியரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் காட்ட அதுவே போதுமானது. இனம் என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் "ஊர் நாய்" என்றே எழுதலாம்.